கூடாரத்தின் எடை

பிரிட்டிஷ் இந்திய இராணுவம் தன் கூடாரங்களை எடையால் பெயரிட்டு அழைத்தது: 160 ராத்தல் கூடாரம், 80 ராத்தல் கூடாரம், 40 ராத்தல் கூடாரம். நீளமும் அகலமும் அப்பெயர்களில் இல்லை. வங்காள மணங்குக் கணக்கில் ஒரு கோவேறு கழுதையின் முழுச் சுமை இரண்டு மணங்கு, அதாவது ஏறத்தாழ 160 ராத்தல். 80 ராத்தல் கூடாரங்கள் இரண்டை அதன் முதுகின் இருபுறமும் சமமாகத் தொங்கவிடலாம். கழுதை ஏற இயலாத மலைப்பாதையில் 40 ராத்தல் கூடாரத்தை ஒரு மனிதன் சுமந்து செல்லலாம். கூடாரத்தைத் தேர்ந்தெடுப்பவர் அதைச் சுமக்கும் முதுகையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறார் என்பதை அப்பெயர்கள் ஒளிக்கவில்லை. இந்தியக் கூடாரத்தின் வரலாற்றை அந்த முதுகின் பக்கத்திலிருந்து வாசிக்க முடியும்.

அக்பரின் முகாமைப் பற்றி அபுல் பசல் ‘அயினி அக்பரி’யில் எழுதியிருப்பது பெரும்பாலும் ஆடம்பரத்தின் சான்றாக மேற்கோள் காட்டப்படுகிறது. அதே பகுதி உழைப்பின் கணக்கேடாகவும் இருக்கிறது. ஒரு முகாமைச் சுமக்க 100 யானைகள், 500 ஒட்டகங்கள், 400 வண்டிகள், 100 சுமைதாரர்கள் தேவைப்பட்டனர். கூடாரம் அடிப்பதற்கும் விரிப்பு விரிப்பதற்கும் 1000 பராஷ்கள் இருந்தனர். அவர்கள் ஈரான், தூரான், இந்துஸ்தானம் ஆகிய மூன்று நிலங்களிலிருந்தும் வந்தவர்கள். நிலத்தைச் சமன்செய்ய 500 பேல்தார்கள், தண்ணீர் சுமக்க 100 பேர், தச்சரும் கூடாரம் தைப்போரும் தீவட்டிக்காரருமாக 50 பேர், துப்புரவுக்கு 150 பேர் எனப் பட்டியல் நீள்கிறது. காலாள் பணியாளரின் மாத ஊதியம் 130 முதல் 240 தாம் வரை இருந்தது. ஒரு ரூபாய்க்கு 40 தாம் என்னும் அக்காலக் கணக்கில் இது மூன்றேகால் முதல் ஆறு ரூபாய் ஆகும். ‘பார்கா’ எனப்பட்ட பெருங்கூடாரத்தை நிறுத்துவதற்கு 1000 பராஷ்கள் பொறிகளின் துணையுடன் ஒரு வாரம் உழைக்க வேண்டியிருந்தது என்பதையும் அந்நூலே சொல்கிறது.

1664 இறுதியில் ஔரங்கசீப் தில்லியிலிருந்து காஷ்மீருக்குப் புறப்பட்டபோது உடன் சென்ற பிரெஞ்சு மருத்துவர் பிரான்சுவா பெர்னியே இந்த ஏற்பாடு இயங்கிய முறையை விவரித்திருக்கிறார். அரசரிடம் இரண்டு தொகுதிக் கூடாரங்கள் இருந்தன. ஒன்றில் அவர் தங்கியிருக்க, மற்றொன்று ஒரு நாள் முன்னதாகவே அடுத்த இடத்துக்குச் சென்றது. முன்செல்லும் தொகுதிக்குப் ‘பேஷ்கானா’ என்று பெயர். இதற்கு 60 யானைகள், 200 ஒட்டகங்கள், 100 கோவேறு கழுதைகள், 100 சுமைதாரர்கள். பளுவானவை யானை மீது ஏறின. அரசரின் உணவுமேசைப் பீங்கானையும் பொன்முலாம் பூசிய கட்டில்களையும் மனிதர்கள் சுமந்தனர். உடையக்கூடியவற்றை விலங்கின் முதுகில் ஏற்ற யாரும் துணியவில்லை. ஏழெட்டு அடி உயரமுள்ள கனாத்துகள் அரசரின் கூடாரங்களைச் சுற்றிச் சுவராக நின்றன. அவற்றின் வெளிப்புறம் சிவப்பு. உட்புறத்தில் மசூலிப்பட்டினத்துப் பூவேலைத் துணி.

இவ்வளவு பேர் செய்த வேலையின் நுட்பம் என்ன என்பதையும் கருத வேண்டும். பக்கச்சுவருள்ள கித்தான் கூடாரத்தின் அடிப்படை அமைப்பு எளியது: இரண்டு கம்பங்கள், அவற்றின் மேல் ஒரு முகட்டுக்கழி, அதன்மீது கூரைத்துணி, கூரையின் ஓரத்திலிருந்து செங்குத்தாக இறங்கும் கனாத்து. வெயில் மிகுந்த நிலத்தில் இது போதாது. ஆகவே கூரைக்கு மேல் இன்னொரு கூரை, இடையில் காற்றோடும் இடைவெளி. வெளிக்கூரை வெயிலை வாங்கிக்கொள்ளும். இடைவெளியில் ஓடும் காற்று அந்த வெப்பத்தைக் கொண்டுபோகும். உட்கூரை அடியில் இருப்பவரைக் காக்கும். மழையில் இதே அமைப்பு வேறு வகையில் உதவும். பருத்தி இழை நனைந்தால் பருத்து நெசவின் கண்களை அடைத்துக்கொள்ளும். ஆகவே புதுக் கித்தானை ஒருமுறை நன்றாக நனைத்து உலர்த்திய பிறகே பயணத்துக்கு எடுத்தனர். மீறிக் கசியும் துளிகளை உட்கூரை தாங்கும்.

நிறுத்தும் முறையிலும் அறிவு பொதிந்திருக்கிறது. வறண்ட ஓடைப்படுகை மணலாகவும் சமமாகவும் இருந்து அழைக்கும். மலையில் எங்கோ பெய்த மழை இரவில் அங்கு வந்து சேரும். தனிமரத்தின் நிழல் பகலில் இதமானது. புயலில் அதன் கிளை முறியும். சற்றே மேடான, நீர் வடியும் நிலமே ஏற்றது. வாசல் காற்றுக்கு எதிர்ப்புறம் அமைய வேண்டும். முதலில் நான்கு மூலை முளைகள், பிறகு இரண்டு கம்பங்களையும் ஒரே நேரத்தில் தூக்குதல், அதன்பின் பக்கக் கயிறுகள். முளையின் தலை கூடாரத்துக்கு வெளிப்புறம் சாய்ந்திருந்தால்தான் கயிற்றின் இழுப்பு அதைப் பிடுங்காது. சணல் கயிறு நனைந்தால் சுருங்கும். இரவில் மழை தொடங்கியதும் எழுந்து சென்று கயிறுகளைத் தளர்த்தாவிட்டால் முளை பெயரும் அல்லது துணி கிழியும். உள்ளே ஒருவர் உறங்குவதற்காக வெளியே இன்னொருவர் மழையில் விழித்திருந்தார்.

இந்த அறிவு கம்பெனி ஆட்சிக்கு ஆங்கிலக் கையேடுகளிலிருந்து வரவில்லை என்பதற்கு மொழியே சான்று. ஆங்கிலேயரின் முகாம்களில் கூடாரம் அடித்தவர் கலாசி, விரிப்பு விரித்தவர் பராஷ், சுவர் கனாத்து, சிறுகூடாரம் ராவுட்டி. அபுல் பசலின் பட்டியலில் ‘ராவதி’யாக இருந்தது மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின் ஆங்கில எழுத்தில் ‘ரவுட்டி’யாக நிற்கிறது. தமிழிலும் கனாத்தும் ஷாமியானாவும் வழங்குகின்றன. வந்தவர் எழுந்து போக மறுக்கும்போது ‘டேரா போட்டுவிட்டார்’ என்று சொல்லும் வழக்கும் இதே முகாமிலிருந்து வந்ததுதான். ஆட்சி மாறியபோதும் கூடாரத்தை நிறுத்திய கைகளின் சொற்கள் மாறவில்லை.

மாறியது அந்தக் கைகளின் நிலை. 1837 அக்டோபரில் தலைமை ஆளுநர் ஆக்லந்து பிரபு கல்கத்தாவிலிருந்து வடமேற்கு மாகாணங்களுக்குப் புறப்பட்டார். அவர் தங்கை எமிலி ஈடன் எழுதிய கடிதங்களின்படி அந்த முகாமில் 850 ஒட்டகங்கள், 140 யானைகள், நூற்றுக்கணக்கான குதிரைகள், மொத்தம் ஏறத்தாழ 12,000 மனிதர்கள். 1838 ஜனவரியில் முகாம் கான்பூர்ப் பகுதியை அடைந்தபோது அங்கே பஞ்சம் உச்சத்தில் இருந்தது. ஏறத்தாழ 8 இலட்சம் பேரைப் பலிகொண்டதாக மதிப்பிடப்படும் பஞ்சம் அது. எலும்பும் தோலுமான தாய்மாரும் குழந்தைகளும் கூடாரங்களைத் தேடி வந்ததை எமிலி ஈடன் பதிவுசெய்கிறார். முகாமில் நாள்தோறும் உணவு வழங்கப்பட்டது. ஆயினும் விளைச்சலற்ற அதே மண்ணில்தான் 12,000 பேர் கொண்ட ஒரு நடமாடும் நகரமும் உண்டு நகர்ந்துகொண்டிருந்தது.

பெரும்பயணங்கள் அரிதானவை. மாவட்ட ஆட்சியரின் பயணமோ ஆண்டுதோறும் குளிர்காலத்தில் நிகழ்ந்தது. வரி மதிப்பீடு, வழக்கு விசாரணை, பயிர்ப் பார்வை ஆகிய யாவும் கூடாரத்தில் நடந்தன. பேஷ்கானா இங்கும் தொடர்ந்தது: ஒரு தொகுதியில் அதிகாரி உறங்கும்போது மற்றொன்று இரவோடு இரவாக அடுத்த ஊருக்குச் சென்றது. கூடாரத்தில் நகர்வது அதிகாரிக்குக் கடமை. கூடாரத்தில் நகர்ந்தே வாழ்ந்த குடிகளில் பலருக்கோ அது குற்றத்தின் அடையாளமாயிற்று. 1871ஆம் ஆண்டின் குற்றப் பழங்குடிகள் சட்டம் அவர்களைப் பதிவேட்டில் ஏற்றி நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தியது. இதற்கு முன்பே ஜபல்பூரில் இன்னொரு முரண் அரங்கேறியிருந்தது. வழிப்போக்கரைக் கொன்ற தக்கிகள் எனக் குற்றஞ்சாட்டப்பட்டு, பின் அரசுத் தரப்புச் சாட்சிகளாக மாறி, வாழ்நாள் முழுதும் காவலில் வைக்கப்பட்டவர்களுக்காக 1830களின் இறுதியில் அங்கே ஒரு தொழிற்பள்ளி தொடங்கப்பட்டது. அவர்களுக்கும் அவர்தம் மைந்தருக்கும் அங்கு கற்பிக்கப்பட்ட முதன்மைத் தொழில்களில் ஒன்று கூடாரம் தைப்பது. சாலைகள் மறுக்கப்பட்டவர்கள், சாலையில் செல்வோருக்கான கூடாரங்களைத் தைத்தனர்.

சுமப்போரின் எதிர்ப்பு மிகத் தெளிவாக ஒலித்தது இமயமலையின் குமாவுனில். அங்கே மூன்று கட்டாயங்கள் வழக்கில் இருந்தன. ‘கூலி உதார்’ என்பது பெயரளவுக் கூலிக்குச் சுமை தூக்குவது. ‘கூலி பேகார்’ கூலியே இல்லாமல் தூக்குவது. ‘கூலி பர்தாயிஷ்’ முகாமிட்ட அதிகாரிக்குப் பால், தானியம், விறகு, புல் முதலியவற்றைக் கொடுப்பது. யாருடைய முறை எப்போது என்பதைக் கிராமத் தலைவரின் பதிவேடு தீர்மானித்தது. அறுவடை நாளானாலும் வீட்டில் துக்கமானாலும் பெயர் வந்தால் போக வேண்டும். சமவெளியில் வண்டியும் ஒட்டகமும் ஏற்ற பளுவை மலையில் உழவர் ஏற்றனர். அதிகாரி ஒருவர் இன்னும் ஒரு கூடாரம் இருக்கட்டும் என்று எண்ணினால், இன்னும் சில உழவர் வயலை விட்டுவர வேண்டியிருந்தது.

1921 ஜனவரியில், மகர சங்கராந்தியை ஒட்டிய உத்தராயணித் திருவிழாவுக்காகப் பாகேஷ்வரில் ஆயிரக்கணக்கானோர் கூடினர். பத்ரி தத் பாண்டே முதலானோரின் தலைமையில், இனிக் கட்டாயச் சுமை தூக்குவதில்லை என்று அவர்கள் உறுதி பூண்டனர். கூலிப் பதிவேடுகள் சரயு நதியில் எறியப்பட்டன. இயக்கம் மலைக் கிராமங்களில் பரவியது. அரசு அம்முறையைக் கைவிட நேர்ந்தது.

அதே ஆண்டு மே மாதத்தில் முதல் எவரெஸ்ட் பயணக்குழு டார்ஜிலிங்கிலிருந்து புறப்பட்டது. இராணுவம் இரவலாகத் தந்த கோவேறு கழுதைகள் சிக்கிமின் ஈரமான ஏற்றங்களில் சில நாள்களுக்குள் தளர்ந்துபோயின. அவற்றைத் திருப்பி அனுப்பிவிட்டு, உள்ளூர் விலங்குகளையும் மனிதர்களையும் நம்பியே குழு மேலே சென்றது. அடுத்த ஆண்டுப் பயணத்தில் 1922 ஜூன் 7 அன்று பனிச்சரிவில் ஏழு சுமைதாரர்கள் இறந்தனர். அடிவார முகாமின் படங்களில் வரிசையாக நிற்கும் கூடாரங்கள் அங்கு தாமாக ஏறி வந்தவையல்ல.

இன்றும் வெள்ளமோ நிலநடுக்கமோ நேர்ந்தால் இந்தியாவில் முதலில் வந்து சேர்பவற்றுள் இரட்டைக் கூரையும் நிமிர்ந்த பக்கச்சுவரும் கொண்ட ‘ஈபிஐபி’ கூடாரம் ஒன்று. கும்பமேளாவிலும் யாத்திரை வழிகளிலும் அதுவே நிற்கிறது. அரசின் கொள்முதல் ஆவணங்களில் இப்பெயர் இயல்பாக இடம்பெறுகிறது. விரிவாக்கம் பலவாறு சொல்லப்பட்டாலும் முதலெழுத்து காலனிய இராணுவத்தின் ஐரோப்பியரையும் இறுதி இரண்டு எழுத்துகள் இந்திய அமைப்பையும் குறித்தன. உள்ளே படுப்பவர் ஐரோப்பியர், கூடாரத்தின் வடிவம் இந்தியருடையது என்னும் பழைய பிரிவினை நான்கு எழுத்துகளில் சுருங்கிக் கிடக்கிறது. வீடிழந்தவர்கள் இன்று அதனுள் உறங்குகிறார்கள்.

அக்பரின் பராஷ்களுக்கு ஊதியக் கணக்கு எஞ்சியது, பெயர்கள் எஞ்சவில்லை. குமாவுன் உழவர்களுக்கோ பெயர்கள் எழுதப்பட்ட பதிவேடுகள் இருந்தன. அவற்றை அவர்களே ஆற்றில் விட்டார்கள். ஆவணம் அழிவதை எண்ணி வரலாற்றாய்வாளர் வருந்துவது இயல்பு. பாகேஷ்வரில் ஆவணம் அழிந்ததே வரலாறாயிற்று.