'சுவா' என்னும் சிறுசொல்

பிரெஞ்சு மொழியில் 'இருத்தல்' என்னும் வினைக்கு 'சுவா' என்றொரு படர்க்கை ஒருமை வடிவம் உண்டு. இருப்பதை அது அறிவிப்பதில்லை. இருக்க வேண்டுவதை, அல்லது இருப்பதாக நாம் கொள்வதைச் சொல்லும். நம் இலக்கணத்தாரின் வியங்கோளுக்கு ஏறத்தாழ நிகரானது. சங்கத்தின் திருவழிபாட்டுச் சீர்திருத்தத்துக்கு முன் பிரெஞ்சுக் கத்தோலிக்கர் செபத்தை 'ஆமென்' என்பதற்கு ஈடாக, 'அப்படியே ஆகுக' என்று இச்சொல்லைக் கொண்டே முடித்து வந்தனர். தொடக்கநூலில் ஒளியைத் தோற்றுவிக்கும் ஆணையும் பிரெஞ்சு விவிலியங்கள் பலவற்றில் இச்சொல்லால்தான் அமைந்துள்ளது.

இதே சொல்லைக் கணித ஆசிரியரும் கரும்பலகையில் எழுதுகிறார். நம் பாடநூல்கள் 'அஆஇ ஒரு முக்கோணம் என்க' என்னும் இடத்தில் பிரெஞ்சு நூல் 'சுவா' என்று தொடங்கும். வழக்கம் பழையது. கி.மு. 300 அளவில் யூக்ளிட் கிரேக்கத்தில் 'எஸ்தோ' என்றார். இலத்தீனார் 'சித்' என்றனர். பிரெஞ்சுக்காரர் அதைத் தம் மொழியில் தொடர்ந்தனர். பொய்யான கூற்றையும் இச்சொல்லால் ஏற்றுக்கொண்டு, முரண்பாடு வெளிப்படும்வரை அதனுடன் நடந்து செல்லலாம். அவ்வாறு செய்பவரை எவரும் பொய்யர் என்பதில்லை.

எனினும் இறைவன் 'ஆகுக' என்றால் ஆகிறது. நாம் 'என்க' என்பதால் எதுவும் உண்டாகிவிடுவதில்லை. இவ்வேறுபாடு இறையியலையே ஒருமுறை உலுக்கியது. தெக்கார்த் 1641இல், நிறைவு அனைத்தும் உடைய ஒருவரை நம் அறிவு எண்ணுகிறது, இருத்தலும் ஒரு நிறைவே, ஆகவே கடவுள் இருக்கிறார் என்று வாதிட்டார். பதினோராம் நூற்றாண்டில் புனித அன்செல்மும் இதை ஒத்த வழியில் சென்றவரே. (புனித தாமஸ் அக்குவினாஸ் அவ்வழியை ஏற்கவில்லை என்பதைக் குருமடத்தில் பயின்றோர் அறிவர்.)

லைப்னிட்ஸ் 1684இல் எழுதிய இலத்தீன் கட்டுரையில் ஒரு சக்கரத்தைக் காட்டினார். அது எல்லாவற்றினும் மிகுந்த வேகத்தோடு சுழல்கிறது என்க. அதன் ஆரக்கால் ஒன்றை விளிம்புக்கு அப்பாலும் நீட்டினால், அதன் நுனி விளிம்பைவிட விரைவாகச் செல்லும். எனவே 'மிகுந்த வேகம்' என நாம் பொருள் விளங்கப் பேசினாலும், அப்படி ஒன்று இருக்க இயலாது. லைப்னிட்ஸ் கடவுளை மறுத்தவர் அல்லர். தெக்கார்த்தின் வாதம் தவறு என்றுகூட அவர் சொல்லவில்லை. நிறைவெல்லாம் உடைய ஒருவர் என்னும் கருத்தில் முரண்பாடு இல்லை என்பதை முதலில் நிறுவுக, பிறகு வாதம் நிற்கும் என்றே கேட்டார்.