பொருளும் மனநிறைவும்: மலையக வரலாறு காட்டும் உண்மை

பொருள் மிகுந்தோர் யாவரும் இன்பமாக வாழ்கின்றனரா? பொருள் குறைந்தோர் யாவரும் துன்பத்தில் உழல்கின்றனரா? இவ்வினா மிகப் பழையது. போதுமென்ற மனமே பொன்செய் மருந்து என்னும் பழமொழியை நாம் இளமையிலேயே மனனஞ் செய்துள்ளோம். அதே வேளையில், பொருளீட்டுதலின் இன்றியமையாமையைக் கூறப் ‘பொருள் செயல்வகை’ என ஓர் அதிகாரமும், வறுமையின் கொடுமையைக் கூற ‘நல்குரவு’ என ஓர் அதிகாரமும் வள்ளுவர் வகுத்திருத்தலையும் அறிவோம். இவ்விரு நோக்குகளையும் ஏட்டளவில் மட்டும் ஒப்பிட்டால் தெளிவு பிறவாது. ஒரு மக்கட் கூட்டத்தினர் தலைமுறை தலைமுறையாக என்ன கூலி பெற்றனர், அக்கூலியால் எதனை அடைந்தனர், எதனை அடையாது நின்றனர் என நோக்குதல் வேண்டும். அத்தகைய ஆராய்ச்சிக்கு இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்கள் மிகப் பொருத்தமான களமாகும். அங்கு நாட்கூலி நெடுங்காலமாகச் சட்டத்தினால் சதக்கணக்கில் வரையறுக்கப்பட்டு வந்துள்ளது.

நுவரெலியாவிலிருந்து கந்தப்பளை வழியாக உடப்புசல்லாவை நோக்கிச் செல்லும் பாதையில் அமைந்தது இராகலை. நாற்புறமும் தேயிலை மலைகள் சூழ்ந்த இச்சிறு நகரத்திற்கு ஒரு காலத்தில் புகையிரதம் வந்து சென்றது. 1903, 1904ஆம் ஆண்டுகளில், நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை ஊடாக இராகலை வரை, ஏறக்குறைய 19 மைல் நீளத்திற்கு இரண்டரை அடி அகலமுள்ள ஒடுங்கிய இருப்புப்பாதை அமைக்கப்பட்டது. தோட்டங்களின் தேயிலையைக் கீழே கொண்டு செல்வதும், தோட்டங்களுக்கு வேண்டிய பண்டங்களை மேலே கொண்டு வருவதுமே அதன் முதன்மையான நோக்கம். 1948இல் அப்பாதை மூடப்பட்டது. ஏறக்குறைய நாற்பத்து நான்கு ஆண்டுகள் இராகலையிலிருந்து செல்வம் புறப்பட்டுச் சென்றதை அத்தண்டவாளங்கள் கண்டன. அச்செல்வத்தை விளைத்த மக்கள் என்ன நிலையில் இருந்தனர் என்பதே நம் ஆராய்ச்சிக்குரிய பொருள்.

தமிழகத்தின் மாவட்டங்களிலிருந்து முதலில் கோப்பிப் பயிருக்காகவும், 1869இல் தோன்றிய இலைநோயினால் கோப்பி அழிந்தபின் தேயிலைக்காகவும் இம்மக்கள் கங்காணிமாரால் அழைத்து வரப்பட்டனர். வழிச்செலவும் முன்பணமும் அவர்கள்பேரில் கடனாக எழுதப்பட்டன. ஆகவே தொழிலாளி ஒருவன் தோட்டத்தில் காலடி வைத்தபோது அவனிடம் இருந்தது செல்வமன்று; செல்வத்திற்கு எதிர்மறையான கடனே. ஒரு தோட்டத்தை விட்டு மற்றொரு தோட்டத்திற்குச் செல்ல விரும்பினால் அவன் ‘துண்டு’ பெறுதல் வேண்டும். இன்ன தொகையைச் செலுத்தினால் இவனை விடுவிப்போம் என எழுதப்பட்ட சீட்டே துண்டு எனப்பட்டது. புதிய தோட்டம் அத்தொகையைச் செலுத்தி அவனை ஏற்றுக்கொள்ளும். கடனோ அவன் பின்னாலேயே செல்லும். இம்முறை 1921ஆம் ஆண்டுச் சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது.

இங்கு ஒரு நுட்பத்தைக் கவனித்தல் வேண்டும். துண்டு நிலவிய காலத்தில் ஒருவனுக்குக் கூலி சிறிது உயர்ந்திருந்தாலும் அவன் வாழ்வு மாறியிராது. உயர்ந்த கூலி கங்காணியின் கணக்கிற்கே சென்றிருக்கும். வருவாய் என்பது கைக்கு வந்து, அதனை எவ்வாறு செலவிடலாம் என்று தானே தீர்மானிக்கும் நிலை ஏற்பட்ட பின்னரே அது ஒருவனுடைய வருவாய் ஆகின்றது. பொருளுக்கும் இன்பத்திற்கும் இடையில் உரிமை என்னும் ஒரு பாலம் இருத்தல் வேண்டும் என்பதை இவ்வரலாறு முதலில் உணர்த்துகின்றது.

1927ஆம் ஆண்டில் இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்சக் கூலிச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி உயர்மலைப் பகுதிகளில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம் என நாட்கூலி விதிக்கப்பட்டது. 1930களின் பொருளாதார மந்தத்தில் இத்தொகையும் குறைக்கப்பட்டது. அட்டனைத் தளமாகக் கொண்டு 1931இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவிய கோ. நடேசய்யரும் அவர் துணைவியார் மீனாட்சியம்மாளும் அக்காலத்தில் தோட்டந்தோறும் எழுப்பிய குரல் கூலியைப் பற்றியது மட்டுமன்று. மனிதனாக நடத்தப்படும் உரிமையைப் பற்றியதுமாகும்.

ஆணுக்கும் பெண்ணுக்குமிடையே இருந்த கூலி வேற்றுமை 1984 வரை நீடித்தது. அவ்வாண்டு நிகழ்ந்த வேலைநிறுத்தத்தின் பின்னரே சமகூலி கிடைத்தது. கொழுந்து பறிப்போருள் பெரும்பாலோர் பெண்கள் என்பதை நினைக்குமிடத்து, இவ்வேற்றுமையின் கொடுமை புலப்படும். மேலும், மனைவியின் சம்பளத்தைக் கணவனே பெற்றுக்கொள்ளும் வழக்கமும் தோட்டங்களில் நெடுங்காலம் நிலவியது. ஒரு குடும்பத்தின் வருமானம் இவ்வளவு எனக் கணக்கிட்டு, அக்குடும்பத்தார் யாவரும் அதற்கேற்ற நிறைவுடன் இருந்தனர் எனக் கூறுதல் பொருந்தாது. காலை பிரட்டுக்களத்தில் நின்று, மாலை வரை மலையேறிக் கொழுந்து பறித்தவளின் கைக்கு அப்பணம் வந்ததா என்பதே கேட்கத்தக்க வினா.

இனி, பொருளினும் பெரியதொன்று இழக்கப்பட்ட வரலாற்றை நோக்குவோம். 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரசைச் சேர்ந்த எழுவர் பாராளுமன்றத்திற்குத் தெரிவாயினர். இராகலைப் பாதையில் புகையிரதம் நின்ற அதே 1948இல் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் பறிபோயிற்று. 1950களின் நடுப்பகுதியில் தேயிலை விலை பெரிதும் உயர்ந்தது. நாட்டின் ஏற்றுமதி வருவாயில் பாதிக்கு மேற்பட்ட பங்கைத் தேயிலையே ஈட்டித் தந்தது. நாடு பொருளில் உயர்ந்த அக்காலத்திலேயே, அப்பொருளை விளைத்தோர் நாடற்றோராக நின்றனர். 1964 அக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 9,75,000 பேருள் 5,25,000 பேர் இந்தியாவிற்கும், 3,00,000 பேர் இலங்கைக்கும் எனப் பிரிக்கப்பட்டனர். எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்துகொள்வதென 1974இல் முடிவாயிற்று. ஒரே லயத்தில் பிறந்த உடன்பிறப்புகள் இரு தேசத்தவராயினர். அவ்வாண்டுகளில் ஒரு குடும்பம் சிறிது பொருள் சேர்த்திருந்தாலும், நாளை எந்நாட்டில் இருப்போம் என்று அறியாத மனத்திற்கு அப்பொருள் என்ன நிறைவைத் தந்திருக்கும்? 2003ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேயே எஞ்சியிருந்தோரின் நாடற்ற நிலை பெருமளவில் நீங்கிற்று.

இவ்வாறு கூறுவதனால், பொருள் வேண்டியதில்லை, உரிமை ஒன்றே போதும் என்று யாரேனும் முடிவு செய்வாராயின் அது பெரும் பிழையாகும். 1973, 1974ஆம் ஆண்டுகளில் உணவுத் தட்டுப்பாடு தோட்டங்களை வாட்டியபோது பட்டினியால் மக்கள் மடிந்தனர். வயிற்றில் பசியுள்ளோனிடம் மனநிறைவைப் பற்றிப் பேசுதல் அறமாகாது. ‘போதும்’ என்னும் சொல், போதிய அளவு பெற்றவன் தன்னை நோக்கிக் கூறும்போது அறம். பெறாதவனை நோக்கிப் பிறர் கூறும்போது அது அநீதிக்கு அணிவிக்கும் ஆடை. தோட்ட மக்கள் சிக்கனமானவர்கள், குறைந்ததைக் கொண்டு மகிழ்பவர்கள் என்று புகழ்ந்தோர் சிலர், அப்புகழ்ச்சியையே கூலி உயர்வை மறுக்கும் நியாயமாகவும் கொண்டனர் என்பதை நாம் மறத்தல் ஆகாது.

கூலியின் எண்ணிக்கை வேறு, அதன் பெறுமதி வேறு என்பதும் அண்மை நிகழ்ச்சிகளால் தெளிவாகின்றது. நெடிய போராட்டத்தின் பின் 2021இல் நாட்கூலி 1,000 ரூபாயாக விதிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே நாடு பெரும் பொருளாதார நெருக்கடியில் வீழ்ந்தது. 2022 செப்டெம்பரில் ஆண்டுப் பணவீக்கம் ஏறக்குறைய 70 சதவீதத்தையும், உணவுப் பொருள்களின் விலையேற்றம் ஏறக்குறைய 95 சதவீதத்தையும் எட்டின. ஆயிரம் ரூபாய் கைக்கு வந்தும் அடுப்பிற்கு வந்தது குறைவே. மேலும், பறிக்க வேண்டிய கொழுந்தின் எடை உயர்த்தப்பட்டதாகவும், வேலை நாட்கள் குறைக்கப்பட்டதாகவும் தொழிலாளர் முறையிட்டனர். குறித்த எடை குறைந்தால் அரைப்பேரே கிடைக்கும். அதாவது அரைநாட் கூலியே. 2024இல் நாட்கூலி 1,350 ரூபாயாக உயர்த்தப்பட்டபோதும் இவ்வினாக்கள் நீங்கவில்லை.

இத்துறையை ஆராய்ந்த மேனாட்டறிஞர் கூறுவனவற்றையும் இங்கு ஒப்புநோக்கலாம். 1974இல் ரிச்சர்ட் ஈஸ்டர்லின் என்னும் பொருளியலறிஞர், ஒரு நாட்டினுள் செல்வர் வறியோரினும் மிகுந்த மகிழ்ச்சியுடையராகக் காணப்படினும், நாட்டின் வருமானம் முழுவதும் உயர்ந்தபோது மக்களின் மகிழ்ச்சி அதற்கேற்ப உயரவில்லை எனக் காட்டினார். மனிதன் தன் வருவாயைப் பிறர் வருவாயோடு ஒப்பிட்டே அளக்கின்றான் என்பது அவர் கருத்து. 2010இல் டேனியல் கானமனும் அங்கஸ் டீட்டனும் அமெரிக்கரிடையே நிகழ்த்திய ஆய்வில், வருமானம் உயருந்தோறும் தம் வாழ்க்கையைப் பற்றிய மதிப்பீடு உயர்வதையும், அன்றாட மகிழ்ச்சி ஓரளவிற்கு மேல் உயராதிருப்பதையும் கண்டனர். பின்னர் 2023இல் கானமன் பிறரோடு சேர்ந்து மீண்டும் ஆராய்ந்து, பெரும்பாலோரிடத்து அம்மகிழ்ச்சியும் தொடர்ந்து உயர்கின்றது என்றும், மிகுந்த துயருடையாரிடத்தே அது ஓரெல்லையில் நின்றுவிடுகின்றது என்றும் திருத்திக் கூறினார்.

ஈஸ்டர்லின் கூறிய ஒப்பீடு மலைநாட்டில் கண்முன்னே நின்றது. குன்றின் உச்சியில் துரையின் பங்களா. கீழே, பத்தடிக்குப் பன்னிரண்டடியான லயக் காம்பராக்கள். ஆயினும் அவ்வறிஞர்களின் ஆய்வுகள் பெரும்பாலும் குடியுரிமையும் முகவரியும் இயல்பாகவே உடைய மக்களிடத்து நிகழ்ந்தவை. அவர்கள் அளந்தது வருமானத்தை. உரிமையை இருப்பதாகவே கொண்டனர். மலையக வரலாறோ, அவர்கள் அளக்காது விட்டதனை அளந்து காட்டுகின்றது.

இன்று மலையகத்தில் ஏழு பேர்ச் காணியில் தனிவீடு என்பது ஒரு கனவுச் சொல்லாக வழங்குகின்றது. இந்திய உதவியுடனும் அரசின் முயற்சியாலும் சில ஆயிரம் குடும்பங்கள் அதனைப் பெற்றுள்ளன. பெறாதோர் இன்னும் மிகப் பலர். ஏழு பேர்ச் காணியின் விலை பெரிதன்று. ஆயினும் தோட்டத்து அலுவலகத்தின் வழியாகவன்றித் தன் பெயருக்கும் தன் வீட்டிலக்கத்திற்கும் நேரே கடிதம் வருதலும், வேலையை விட்டாலும் வீட்டை விட்டு நீங்க வேண்டியதில்லை என்னும் உறுதியும், எத்தனை ரூபாய்க் கூலி உயர்வாலும் தனித்து வாங்கவியலாதவை.

ஆகவே, பொருள் இன்பம் தருமா என்னும் வினாவிற்கு இம்மலைகள் தரும் விடை இதுவாகும்: பசி நீங்கும் அளவிற்குப் பொருள் வேண்டும், அப்பொருள் உழைத்தவரின் கைக்கு வருதல் வேண்டும், அதனைக்கொண்டு தன் வாழ்வைத் தானே வகுக்கும் உரிமையும் வேண்டும். இம்மூன்றுள் ஒன்று குறையினும் மனநிறைவு குறையும். நாளை பொருளியலும் வரலாறும் கற்று, கூலியைப் பற்றியும் நாட்டின் வருமானத்தைப் பற்றியும் தீர்மானிக்கும் நிலையை அடையவிருக்கும் நம் மாணவர்கள், எவ்வளவு என்று கேட்பதோடு நில்லாது, யாருடைய கையில், எவ்வுரிமையோடு என்றும் கேட்பார்களாக.