தஞ்சைக் கல்வெட்டின் முன் ஒரு கேமரா

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டை 1858-இல் கேப்டன் லின்னேயஸ் டிரைப் துண்டு துண்டாகப் படம்பிடித்தார். பிறகு 21 படங்களை ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளமுள்ள ஒரே பட்டையாக்கினார். தமிழ்நாட்டில் புகைப்படம் கலையான வரலாற்றை இந்தப் பட்டையிலிருந்துதான் எழுதத் தொடங்க வேண்டும் என்பேன். டிரைப் கிழக்கிந்தியக் கும்பெனியின் சென்னைப் படையில் அதிகாரி. 1855-இல் பர்மாவுக்குப் போன தூதுக்குழுவோடு சென்று இருநூறுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களோடு திரும்பியவர்; மறு ஆண்டே சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டார். பழைய கட்டடங்களைப் பதிவுசெய்வது அவர் வேலை. பதிவு என்றால் கலையில்லை என்று ஒதுக்குபவர்கள் உண்டு. ஆனால் வெயிலும் நிழலும் கல்லில் எழுத்தை விழுங்கிவிடும். அளவு மாறாமல், வரி முறியாமல், சுவரின் போக்கிலேயே இத்தனை படங்களைத் தொடுப்பதற்குக் கடமையுணர்ச்சி மட்டும் போதாது. எதைப் பார்க்க வேண்டும், எவ்வளவு பொறுமையாகப் பார்க்க வேண்டும் என்ற தீர்மானம் வேண்டும். இந்தக் கோயிலின் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகளைக் கல்வெட்டறிஞர் ஹுல்ட்ஷ் பதிப்பித்து அச்சில் கொண்டுவந்தது 1890-களில்தான். அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே இந்தச் சுவர் காகிதத்தில் இருந்தது.

பர்மாப் படங்கள் பலவற்றில் டிரைப் மேகங்களை நெகட்டிவில் கையால் தீட்டியிருக்கிறார். அப்படியானால் அவரை எப்படி நம்புவது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அவர் கையாண்டது மெழுகேற்றிய காகித நெகட்டிவ். ஈரம் காய்வதற்குள் எடுத்துக் கழுவ வேண்டிய கண்ணாடித் தகட்டைப் போலன்றி, அதை முன்கூட்டியே தயாரித்து வைத்துக்கொள்ளலாம்; நம் வெயிலில் நெடும்பயணம் போகிறவருக்கு அதுவே தோது. ஆனால் அக்கால வேதிப்பொருள்கள் நீல ஒளிக்கு அளவுமீறி இசைந்தன; வானம் வெறும் வெள்ளையாய் வந்தது. அந்த வெள்ளையும் உண்மையில்லை. கண் கண்டதைக் கருவி தவறவிட்ட இடத்தில்தான் அவர் தூரிகையை எடுத்தார். கல்வெட்டுக்கு அது தேவைப்படவில்லை, அங்கே ஒதுங்கி நின்றார். எங்கே தலையிடுவது, எங்கே விலகுவது என்று தெரிந்திருந்ததே அவருடைய கலை.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு: இவை ஆட்சியாளரின் சொத்துப் பட்டியல், மதுரையிலும் திருவரங்கத்திலும் அவர் எடுத்த படங்களில் மக்கள் அரிது. நீண்ட நேரம் ஒளிபட எடுக்கும் படத்தில் நடமாடுபவர்கள் பதிய மாட்டார்கள் என்பது பாதிப் பதில்தான். நிற்கச் சொல்லியிருந்தால் நின்றிருப்பார்கள். பெரும்பாலும் அவர் சொல்லவில்லை. கோயிலைக் கட்டடமாகப் பார்த்த அவருக்கு அது வாழும் இடமாகப் படவில்லை. இந்தக் குறையை நான் மறைக்க மாட்டேன். ஆனால் ஏவியவரின் நோக்கத்தோடு படத்தின் பயன் முடிந்துவிடாது. திருமலை நாயக்கர் மகாலை ஆளுநர் நேப்பியர் பழுதுபார்க்க வைத்தது 1866-க்குப் பிறகு. அதற்குமுன் மகால் எந்த நிலையில் நின்றது என்பதற்கு டிரைப்பின் படங்களே கண்கண்ட சாட்சி.

அந்த அரசே அவரை நிலைக்க விடவில்லை. 1857 கிளர்ச்சிக்குப் பின் கஜானா நெருக்கடியில் இருந்தது. புதிய ஆளுநர் டிரவெல்யன் இந்த வேலையை ஆடம்பரம் என்று கருதி நிறுத்தினார். பிறகு சொற்பமாகவே படமெடுத்த டிரைப் 1902-இல் இறந்தார். 2014-15-இல் வாஷிங்டன், நியூயார்க், லண்டன் ஆகிய மூன்று நகரங்களிலும் அவருக்குப் பெரிய கண்காட்சி நடந்தது. தஞ்சையில் அந்தச் சுவருக்குப் பக்கத்திலேயே பட்டையின் நகலை வைத்தால், எந்த எழுத்து தேய்ந்தது, எது நிற்கிறது என்று யார் வேண்டுமானாலும் ஒப்பிட்டுப் படித்துக்கொள்ளலாம்.