பிடியாளரின் தொழில்: தமிழ்நாட்டுக் கபடியில் கார்னர் ஆட்டக்காரரின் வளர்ச்சி

கபடி அணியின் ஏழு பேரில் இரு ஓரங்களிலும் நிற்பவர்களுக்குக் கார்னர் என்று பெயர். பாடி வரும் எதிரணி ஆட்டக்காரர் போனஸ் கோட்டைத் தாண்டக் காலை நீட்டும் நொடியில் அந்தக் கணுக்காலைப் பற்றுவது கார்னரின் முதல் வேலை. அவருக்கு உள்ளே நிற்கும் கவர் ஆட்டக்காரர்கள் குறுக்கே பாய்ந்து மறிப்பார்கள், அல்லது தோளால் மோதி எல்லைக்கு வெளியே தள்ளுவார்கள். பாடி வருபவருக்கு 30 நொடி இருக்கிறது. எப்போது, எந்தப் பக்கம் போவது என்பதை அவரே முடிவு செய்கிறார். பிடிப்பவருக்கு அந்த உரிமை இல்லை. காத்திருந்து, கிடைக்கும் ஒரே வாய்ப்பில் கை வைக்க வேண்டும். அரை நொடி முந்தினால் தொடுபுள்ளி எதிரணிக்குப் போகும். பிந்தினால் ஆள் நடுக்கோட்டைத் தாண்டிவிடுவார்.

இந்த வேலை தமிழ்நாட்டில் ஊர் விளையாட்டின் ஒரு பகுதியாக இருந்து, ஆண்டு ஒப்பந்தமும் ஏலத் தொகையும் உள்ள தொழிலாக மாறியது மிக அண்மையில்தான். தஞ்சாவூர் மாவட்டம் திருச்சனம்பூண்டியைச் சேர்ந்த தர்மராஜ் சேரலாதனின் ஆட்ட வாழ்க்கை இந்த மாற்றத்தின் இரு பக்கங்களிலும் விரிந்து கிடக்கிறது. அதனால் இந்த வரலாற்றை அவர் வழியாகப் பார்ப்பது பொருந்தும்.

சடுகுடு என்றும் கபடி என்றும் அழைக்கப்பட்ட ஆட்டத்துக்கு நெடுங்காலம் ஊருக்கு ஊர் விதி வேறாக இருந்தது. சஞ்சீவனி முறையில் எதிரணியாள் ஒருவர் ஆட்டமிழந்தால் வெளியே இருக்கும் நம் ஆள் ஒருவர் உள்ளே வரலாம். காமினி முறையில் அணி முழுவதும் ஆட்டமிழக்கும்வரை யாரும் திரும்ப முடியாது. அமர் முறையில் ஆட்டமிழந்தவரும் களத்திலேயே நிற்பார், புள்ளி மட்டும் ஏறும். இன்றைய போட்டிக் கபடி சஞ்சீவனி முறையைத் தழுவியது. பிடியாளருக்கு இது பெரிய விஷயம். ஒரு வெற்றிகரமான பிடி எதிரணியின் ஆளை வெளியேற்றி, அதே வேளையில் சொந்த அணியின் ஆளை மீட்டுத் தருகிறது. தடுப்பாட்டம் வெறும் தற்காப்பாக நின்றுவிடாமல் அணியைக் கட்டியெழுப்பும் வழியானதற்கு இந்த விதியே அடிப்படை.

1920களில் மகாராஷ்டிரத்தில் தொடங்கிய விதித் தொகுப்பு முயற்சிக்குப் பின், 1936 பெர்லின் ஒலிம்பிக்கின்போது அமராவதியைச் சேர்ந்த ஹனுமான் வியாயாம் பிரசாரக் மண்டல் ஆட்டத்தை வெளிநாட்டவருக்கு ஆடிக் காட்டியது. 1950இல் அகில இந்தியக் கபடிக் கூட்டமைப்பு உருவானது. ஆடவருக்கான முதல் தேசியப் போட்டி 1952இல் சென்னையில் நடந்தது. தேசிய அளவிலான கபடியின் முதல் மேடையே தமிழ்நாட்டில் அமைந்தது என்பது இங்கு போதிய அளவு நினைவுகூரப்படுவதில்லை. 1982 தில்லி ஆசிய விளையாட்டில் காட்சி ஆட்டமாகவும் 1990 பெய்ஜிங்கில் பதக்க ஆட்டமாகவும் கபடி நுழைந்தது. 1994 ஹிரோஷிமாவில் தங்கம் வென்ற அணியில் இடம்பெற்ற தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி கணேசன் அடுத்த ஆண்டு அர்ஜுனா விருது பெற்றார்.

ஆனால் இந்தப் பதக்கங்களுக்குக் கீழே ஆட்டத்தை உயிரோடு வைத்திருந்தவை ஊர்ப் போட்டிகளே. கோயில் திருவிழாவையும் பொங்கலையும் ஒட்டி நடக்கும் ‘மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி’ காவிரி டெல்டாவில் மட்டுமல்ல, வடக்கே கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, மீஞ்சூர் வட்டாரத்திலும் சுவரொட்டிகளில் நிலையான இடம் பெற்றது. கட்டணம் செலுத்தி அணிகள் பதிவு செய்யும். இரவு முழுக்க ஆட்டம் நடக்கும். விடியும்போது சுழற்கோப்பையும் ரொக்கப் பரிசும் கொடுப்பார்கள். பாடி வருபவர்களில் சிறந்த ரைடருக்கு ஒரு பரிசு என்றால் சிறந்த கேட்சருக்கும் ஒரு பரிசு உண்டு. பிடிப்பவரின் அருமையை ஊர்க்காரர்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள். அந்த அறிவு அந்த இரவைத் தாண்டி எங்கும் பதிவாகவில்லை, அவ்வளவுதான்.

எனவே ஒரு நல்ல பிடியாளர் ஆட்டத்தால் வாழ வேண்டும் என்றால், அதற்கு வழி விளையாட்டு ஒதுக்கீட்டு வேலை. ரயில்வே, காவல்துறை, வங்கிகள், பொதுத்துறை நிறுவனங்கள் ஆகியவை கபடி அணிகளை வைத்திருந்தன. சென்னை வட்டாரத்தில் பெரம்பூர் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை, அதாவது ஐ.சி.எஃப்., இதில் முக்கியமானது. வேலை கிடைத்தவருக்குச் சம்பளமும் பயிற்சி நேரமும் கிடைத்தன. கிடைக்காதவர் ஆட்டத்தை மாலைக்கும் விடுமுறைக்கும் ஒதுக்கினார். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் முறையில் வேலை பார்க்கும் ஓர் இளைஞருக்கு அந்த மாலையும் வாரத்துக்கு வாரம் மாறும். கார்னருக்கும் கவருக்கும் இடையிலான ஒத்திசைவு ஒன்றாகப் பழகினால்தான் வரும்; தனியாக ஓடி வளர்த்துக்கொள்ள அது உடல் வலிமை அல்ல. ஊர்ப் பிடியாளர்களில் பலர் இருபதுகளின் நடுவிலேயே ஆட்டத்தை விட நேர்வதற்கு இதை ஒரு காரணமாகக் கொள்ளலாம்.

சேரலாதன் பிறந்தது 1975இல். அவர் உடல் உச்சத்தில் இருந்த இருபதுகளும் முப்பதுகளின் பெரும்பகுதியும் இந்தப் பழைய அமைப்பிலேயே கழிந்தன. அந்த ஆண்டுகளில் அவர் பிடித்த பிடிகளுக்குப் பொதுவில் எண்ணிக்கை கிடையாது.

2014 ஜூலை 26 அன்று புரோ கபடி லீக் தொடங்கியபோது அவருக்கு வயது 39. முதல் ஏலத்தில் மிக உயர்ந்த விலை, பாட்னா பைரேட்ஸ் ராகேஷ் குமாருக்குக் கொடுத்த 12.80 லட்சம் ரூபாய். மண் தரைக்குப் பதிலாகச் செயற்கைப் பாய், வெறுங்காலுக்குப் பதிலாகக் காலணி, ஆட்டந்தோறும் தொலைக்காட்சி என்று எல்லாம் ஊர்ப் போட்டியிலிருந்து மாறியிருந்தன. இவற்றைவிடப் பிடியாளருக்கு முக்கியமானது புள்ளிவிவரம். ஒவ்வொரு பிடியும் அதைத் தொடங்கியவரின் பெயரில் பதிவாகி, பருவம் முழுவதும் கூட்டப்பட்டது. ஓர் ஆட்டத்தில் ஐந்து பிடிப் புள்ளி எடுத்தால் ‘ஹை ஃபைவ்’ என்று தனிப் பெயர் கிடைத்தது. மூன்று அல்லது அதற்கும் குறைவான ஆட்கள் களத்தில் இருக்கும்போது பிடித்தால் ‘சூப்பர் டேக்கிள்’ என்று இரண்டு புள்ளி தரப்பட்டது. இரண்டு முறை பாடிப்போய்ப் புள்ளி எடுக்காமல் திரும்பினால் மூன்றாம் முறை புள்ளி எடுத்தே ஆக வேண்டும் என்ற விதி, பொறுமையாகக் காத்து நிற்கும் கார்னருக்குச் சாதகமாக அமைந்தது.

அமெரிக்கக் கால்பந்திலும் இதே போன்ற கதை உண்டு. அங்கே தடுப்பு வரிசையில் நிற்பவர், பந்தை எறியும் குவாட்டர்பேக் அதை எறிவதற்கு முன்பே அவரை வீழ்த்த முயல்கிறார். இதற்குச் ‘சேக்’ என்று பெயர். 1961 முதல் 1974 வரை ஆடிய டீக்கன் ஜோன்ஸ் இதில் பெயர் பெற்றவர். ஆனால் தேசியக் கால்பந்து லீக் இதைத் தனிநபர் கணக்கில் அதிகாரபூர்வமாகச் சேர்த்தது 1982இல்தான். கணக்கு வந்த பிறகு தடுப்பு வரிசை வீரரால் ஒப்பந்தப் பேச்சில் எண்ணைக் காட்டிப் பேச முடிந்தது. கபடிக் கார்னருக்கு அந்த வசதி 2014இல் வந்தது. இரண்டு ஆட்டங்களிலும் கணக்கு முழுமையாக இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அங்கே நடுவில் நின்று இரண்டு எதிராட்களைத் தன்மேல் இழுத்துக்கொள்பவரின் பெயரில் எண் ஏறுவதில்லை. இங்கே சங்கிலியாகக் கைகோத்து வந்து பிடியை முடித்துக் கொடுக்கும் கவர் ஆட்டக்காரருக்கும் அதே நிலைதான். பிடிப் புள்ளியை மட்டும் வைத்து ஒரு பிடியாளரை எடைபோடுவது அவருக்குச் செய்யும் அநீதி.

சேரலாதன் முதலில் பெங்களூரு புல்ஸிலும் பிறகு தெலுங்கு டைட்டன்ஸிலும் ஆடினார். வலது கார்னரில் அவர் நிற்கும் விதத்தில் பழைய மண்தரைப் பயிற்சி தெரிந்தது. அவசரமான பாய்ச்சல் குறைவு. பாடி வருபவரின் காலடியைப் படித்துவிட்டுப் பற்றும் நிதானம் அதிகம். லீக் முழுவதும் அவருக்கு ‘அண்ணா’ என்ற பெயர் நிலைத்தது. 2016இன் நான்காம் பருவத்தில் பாட்னா பைரேட்ஸ் அவரைத் தலைவராக்கியது. இடது கார்னரில் ஈரானின் ஃபசல் அத்ராசலி, வலது கார்னரில் சேரலாதன், பாடுவதற்குப் பர்தீப் நர்வால் என்ற அமைப்பில் அந்த அணி ஜூலை 31 அன்று ஹைதராபாத் இறுதியாட்டத்தில் ஜெய்ப்பூர் பிங்க் பாந்தர்ஸை 37–29 என்று வென்றது. பிடியாளர் ஒருவர் தலைவராக நின்று கோப்பையைத் தூக்கியது தடுப்பாட்டத்தின் மதிப்பு உயர்ந்ததற்குத் தெளிவான அடையாளம்.

அதே ஆண்டு அக்டோபரில் அகமதாபாத்தில் நடந்த உலகக் கோப்பைக்கான இந்திய அணியிலும் அவர் இடம்பெற்றார். வயது 41. முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 32–34 என்று தோற்ற இந்தியா, 22ஆம் தேதி இறுதியாட்டத்தில் ஈரானை 38–29 என்று வென்றது. அதன்பின் 2017இல் புனேரி பல்டன், 2018இல் யு மும்பா, 2019இல் ஹரியானா ஸ்டீலர்ஸ் என்று அவர் அணிகள் மாறின. யு மும்பாவில் மீண்டும் அத்ராசலியுடன் இரு கார்னர்களைப் பகிர்ந்துகொண்டார், ஹரியானாவில் தலைவரானார். பெருந்தொற்றுக்குப் பிறகு 2021 டிசம்பரில் தொடங்கி முழுவதும் பெங்களூரிலேயே நடந்த எட்டாம் பருவத்தில் ஜெய்ப்பூருக்கு ஆடியபோது அவருக்கு 46 வயது. கணுக்காலும் முழங்காலும் தோளும் ஓயாமல் அடிபடும் ஓர் இடத்தில் இந்த நீண்ட வாழ்க்கை மிக அரிது.

அவர் தனியொருவர் அல்ல. தமிழ்நாட்டைச் சேர்ந்த ஜீவா குமார் கவர் ஆட்டக்காரராக 2015இல் யு மும்பாவுடனும், 2019இல் பெங்கால் வாரியர்ஸுடனும் கோப்பை வென்ற அணிகளில் இருந்தார். 2017இல் தமிழ் தலைவாஸ் அணி லீக்கில் சேர்ந்தது. அந்த அணி 2022இல் முதன்முறையாக அரையிறுதிக்குப் போனபோது அதற்குப் பெரும் பலமாக இருந்தது சாகர், சாஹில் குலியா என்ற இளம் கார்னர் இணை. இருவரும் வடமாநிலத்தவர் என்பது தமிழ்நாட்டுப் பயிற்சி அமைப்பு சிந்திக்க வேண்டிய ஒன்று.

இந்தக் காலத்தில் தடுப்பாட்டத்தின் எடை சர்வதேச அரங்கிலும் வெளிப்பட்டது. 1990 முதல் தொடர்ந்து தங்கம் வென்ற இந்திய ஆடவர் அணி, 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டின் அரையிறுதியில் ஈரானிடம் 18–27 என்று தோற்றது. ஈரானின் இறுக்கமான பிடியாட்டமே அந்த முடிவைத் தந்தது. அதே ஆண்டு லீக்கில் உ.பி. யோத்தாவின் நித்தேஷ் குமார் ஒரே பருவத்தில் 100 பிடிப் புள்ளி எடுத்த முதல் வீரரானார். அத்ராசலியின் ஊதியம் ஒரு கோடி ரூபாயைத் தொட்டது. 2023 ஏலத்தில் ஈரானின் முகமதுரெசா ஷாத்லூயிக்குப் புனேரி பல்டன் 2.35 கோடி கொடுத்தது.

தமிழ்நாட்டில் இப்போது முதலமைச்சர் கோப்பைப் போட்டிகள் வழியாகத் திருவள்ளூர் உள்ளிட்ட மாவட்டங்களின் ஆட்டக்காரர்கள் மாநில நிலைக்கு வருகிறார்கள். அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கான ஒதுக்கீடு 3 சதவீதமாக உள்ளது. லீக் ஒப்பந்தம் சில டஜன் பேருக்கே கிடைக்கும் என்பதால், பெரும்பாலான பிடியாளர்களுக்கு இன்றும் வேலைதான் உறுதியான பிடிமானம். சேரலாதன் 2024இல் தமிழ் தலைவாஸின் உத்திப் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றார். தலைமைப் பயிற்சியாளராக உதயகுமார் இருந்தார். லீக்கில் ஏழு வெளிமாநில அணிகளுக்கு ஆடிய திருச்சனம்பூண்டிக்காரர், தன் மாநிலத்து லீக் அணிக்கு வந்தது அந்த ஆண்டில்தான்.