சொல் முந்தியது, புள் பிந்தியது: சிங்கப்பூர்ப் பறவைகளும் தமிழ்ப் பெயர்களும்

சிராங்கூன் சாலை என்னும் பெயரை நாம் நாள்தோறும் சொல்கிறோம். அப்பெயருக்குள் ஒரு பறவை இருக்கிறது என்னும் விளக்கம் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. 'ரங்கோங்' என்று மலாய் மக்கள் அழைத்த சதுப்புநிலப் பறவையிலிருந்து ஆற்றுக்கும், பின்னர் வட்டாரத்துக்கும் பெயர் அமைந்தது என்பர். கறுத்த முதுகு, வெண்மார்பு, நீண்ட கழுத்து, கூர்மையான நெடிய அலகு என அதன் அடையாளங்களையும் குறித்து வைத்திருக்கின்றனர். இன்று சாலையோரத்தில் சதுப்பும் இல்லை, அப்பறவையும் இல்லை. பெயர் மட்டும் எஞ்சியுள்ளது.

இதே சாலையில் இன்று நாம் காணும் பறவைகளின் வரலாறு இதற்கு நேர்மாறானது. மைனா, காகம், குயில் ஆகிய சொற்களைத் தமிழர் 19ஆம் நூற்றாண்டிலேயே கப்பலில் இங்குக் கொண்டுவந்துவிட்டனர். அச்சொற்கள் இன்று சுட்டும் பறவைகளுள் பல அவர்களுக்குப் பின்னரே இத்தீவில் குடியேறின.

முதலில் மைனாவை எடுத்துக்கொள்வோம். பூவை என்றும் நாகணவாய் என்றும் நம் முன்னோர் அழைத்த பறவைக்குப் பழுப்பு உடலும், கண்ணைச் சுற்றி மஞ்சள் நிறத் தோலும் உண்டு. அது மலாயாவின் வடபகுதியிலிருந்து மெல்லப் பரவி 1930களில் சிங்கப்பூரை அடைந்தது. ஆனால் தேக்கா உணவங்காடியில் நம் தட்டருகே வந்து நிற்கும் மைனா பெரும்பாலும் அதுவன்று. கருஞ்சாம்பல் உடல், அலகின் அடியில் சிறு கொண்டை, வாலடியில் வெண்மை, கண்ணைச் சுற்றி மஞ்சள் தோல் இன்மை ஆகியவை வேறோர் இனத்தின் அடையாளங்கள். சாவகத் தீவிலிருந்து கூண்டுப்பறவை வணிகத்தின் வழியே வந்த அவ்வினம், 1925ஆம் ஆண்டளவில் இங்குக் காலூன்றியது. இன்று நகரெங்கும் நிறைந்திருக்கும் அதே பறவை, தாயகத்தில் பிடித்து விற்கப்பட்டதால் அருகி, உலக அளவில் அழிவாய்ப்புள்ள இனங்களின் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. மணிமேகலை அறிந்த நாடு சாவகம். எனவே சாவக மைனா என்று இதனை அழைக்க நாம் புதுச்சொல் தேட வேண்டியதில்லை.

காகத்தின் வருகை நம் மக்களின் வருகையோடு பின்னியது. இலங்கையின் காப்பித் தோட்டங்களை இலைத்துரு நோய் அழித்தபின், தோட்ட முதலாளிகள் சிலர் மலாயாவுக்கு வந்து காப்பி பயிரிட்டனர். அங்குப் பயிரைத் தின்ற புழுக்களை ஒழிப்பதற்காக, 1890களில் இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் காகங்கள் கொண்டுவரப்பட்டன. தோட்டங்களுக்குத் தமிழ்த் தொழிலாளர் வந்த காலமும் அதுவே. அக்காகங்களின் வழித்தோன்றல்கள் 1940களில் சிங்கப்பூரில் காணப்பட்டன. பின்னர் பெருகித் தொல்லையெனக் கருதப்பட்டுப் பல்லாண்டுகள் சுட்டுக் குறைக்கப்பட்டன. கழுத்துச் சாம்பல் நிறமாயின் அது இவ்வாறு வந்தேறிய ஊர்க்காகம். உடல் முழுதும் கறுத்து, அலகு தடித்திருப்பின் அது இம்மண்ணுக்கே உரிய அண்டங்காக்கை.

காகம் வந்த பின்னரே குயில் இங்கு நிலைத்தது. முன்னர் வடக்கிலிருந்து வலசை வந்து திரும்பும் விருந்தாளியாக இருந்த குயில், 1980களில் இத்தீவிலேயே இனம்பெருக்கத் தொடங்கியது. முட்டையிட அதற்குக் காக்கைக்கூடு வேண்டும். காகம் பெருகியதும் அத்தடை நீங்கியது. செங்கண்ணும் கரிய மேனியும் கொண்ட ஆணே உரக்கக் கூவுவது. பெண் பழுப்பு நிறம், உடலெங்கும் வெண்புள்ளிகள். ஆகவே குயிலைப் பாடநூலில் பயின்ற முன்னைத் தலைமுறைச் சிறுவர், இங்கு ஆண்டு முழுதும் அதன் கூவலைக் கேட்டு வளர்ந்தவர் அல்லர். இன்றைய சிறுவருக்கு அக்கூவல் விடியுமுன்னே வீவக அடுக்குமாடியின் சன்னலருகில் கேட்கிறது. உறக்கம் கலைந்தோர் அதனை இரைச்சல் என்று முறையிடுகின்றனர். வகுப்பில் படித்த குயிலும் விடியலில் எழுப்பும் பறவையும் ஒன்றே என்று சொல்ல ஆளில்லாத வீட்டில், சொல் ஒரு பக்கமும் பொருள் ஒரு பக்கமுமாய்ப் பிரிந்து நிற்கின்றன.

பெயரறிந்து பதிவுசெய்வது வெறும் பொழுதுபோக்கன்று. 1986இல் பறவை ஆர்வலர்கள் சுங்கை பூலோவின் சதுப்பில் வலசைப் பறவைகள் திரளாகத் தங்குவதைக் கண்டறிந்து, அவ்விடத்தைக் காக்குமாறு அரசிடம் வேண்டினர். 1993இல் அது இயற்கைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. 2002இல் இயற்கை வனப்பகுதியாக அறிவிக்கப்பட்டது. இன்ன பறவை, இத்தனை, இந்நாளில் என்று எழுதிய குறிப்புகளே அவ்வேண்டுகோளுக்கு வலுவூட்டின.

இத்தீவில் 400க்கும் மேற்பட்ட பறவையினங்கள் பதிவாகியுள்ளன. அவற்றுள் பலவற்றுக்கு வழக்கில் நிலைபெற்ற தமிழ்ப்பெயர் இல்லை. பெயரிடும் பணியை அகராதி செய்வோரிடம் மட்டும் விட்டுவிட இயலாது. உருவளவு, அலகு, கண், வால், குரல் ஆகிய ஐந்தையும் நோக்கி, இடமும் நாளும் சேர்த்துத் தமிழில் குறிக்கும் பழக்கம் பள்ளிகளில் தொடங்க வேண்டும். தேக்காவின் மைனாவிலிருந்தே அதனைத் தொடங்கலாம். அது எந்த மைனா என்று கேட்கும் மாணவருக்கு விடை சொல்லும் கடமை நமக்கு உண்டு.