மால்ட் மில்க் ஷேக்: நோயாளியின் உணவு இனிப்புப் பானமான வரலாறு

மால்ட் மில்க் ஷேக் என்பது குளிர்ந்த பால், ஐஸ்கிரீம், சாக்லேட் பாகு, மால்ட் கலந்த பால்பொடி ஆகிய நான்கையும் சேர்த்து நுரைக்க அடித்துச் செய்யும் அமெரிக்கப் பானம். அமெரிக்கர்கள் இதைச் சுருக்கமாக 'மால்ட்' என்றே அழைப்பர். சாதாரண மில்க் ஷேக்கில் இல்லாத ஒரு வறுத்த தானிய மணம் இதில் இருக்கும். அந்த மணத்தைத் தருவது மால்ட் பொடி.

இன்று இது ஓர் இனிப்புப் பண்டம். ஆனால் இதில் சேரும் பொடி, தாய்ப்பால் கிடைக்காத குழந்தைகளுக்காகவும் செரிமானம் குன்றிய நோயாளிகளுக்காகவும் உருவாக்கப்பட்டது. அது ஐஸ்கிரீமுடன் சேர்ந்த வரலாற்றை அறிந்தவர்கள், கடையில் விற்கும் டப்பாக்களின் மேல் உள்ள 'சத்து', 'ஆரோக்கியம்' போன்ற சொற்களை நிதானமாகப் படிப்பார்கள்.

நகரத்துப் பாலின் ஆபத்து

19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நகரங்கள் வேகமாகப் பெருகின. குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலம் அது. கிராமத்தில் கறந்த பால் நகரம் வந்து சேர்வதற்குள் கெட்டுப்போகும். இடமின்றி நகரத்துக்குள்ளேயே கட்டிவைத்த மாடுகளுக்குச் சாராய ஆலைக் கழிவைத் தீனியாகப் போட்டுக் கறந்த பாலும் விற்பனைக்கு வந்தது. நியூயார்க்கில் நடந்த இந்த வணிகத்தை 1858இல் ஒரு வார இதழ் படங்களுடன் அம்பலப்படுத்தியபோது மக்கள் கொதித்தெழுந்தனர். தாய்ப்பால் கிடைக்காத குழந்தைக்கு எதைக் கொடுப்பது என்பது அக்காலத்தில் உயிர் பிழைப்பது பற்றிய கேள்வி.

இதற்கு விடை தேடியவர்களுள் ஒருவர் ஜெர்மானிய வேதியியலாளர் யூஸ்டஸ் ஃபான் லீபிக். கோதுமை மாவு, மால்ட் மாவு, பசும்பால், சிறிதளவு பொட்டாசியம் பைகார்பனேட் ஆகியவற்றைச் சேர்த்து ஒரு குழந்தை உணவை அவர் 1860களில் அறிமுகப்படுத்தினார். அதே வழியில் லண்டனில் 'மெலின்ஸ் ஃபுட்' என்னும் பொடி விற்பனைக்கு வந்தது. ஆனால் அந்தப் பொடியைப் பாலில்தான் கலக்க வேண்டும். நல்ல பாலுக்கு எங்கே போவது என்ற பழைய சிக்கல் அப்படியே இருந்தது.

மால்ட் என்றால் என்ன?

தானியத்தை ஊறவைத்து, முளைவிடச் செய்து, சரியான நேரத்தில் உலர்த்தி முளைப்பை நிறுத்தினால் கிடைப்பது மால்ட். பெரும்பாலும் பார்லியே இதற்குப் பயன்படுகிறது. விதை முளைக்கும்போது, தன்னுள் சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்தை உடைக்கும் நொதிகளை உண்டாக்குகிறது. இந்த நொதிப் பொருளை 1833இல் பிரெஞ்சு வேதியியலாளர்கள் ஆன்செல்ம் பாயென், ழான் பிரான்சுவா பெர்சோஸ் இருவரும் பிரித்தெடுத்து அதற்கு டயஸ்டேஸ் என்று பெயரிட்டனர்.

மால்ட் மாவுடன் கோதுமை மாவைச் சேர்த்து வெதுவெதுப்பான நீரில் கரைத்து வைத்தால், டயஸ்டேஸ் மாவுச்சத்தை மால்டோஸ் என்னும் சர்க்கரையாகவும் டெக்ஸ்ட்ரினாகவும் மாற்றும். கூழ் இளகும், இனிப்பும் ஏறும். வயிற்றில் நடக்க வேண்டிய செரிமானத்தின் ஒரு பகுதி பாத்திரத்திலேயே முடிந்துவிடும்.

தமிழ் வீடுகளில் கேழ்வரகை முளைகட்டி, உலர்த்தி, திரித்துக் குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சுவதும் இதே அடிப்படையில்தான். முளைகட்டாத மாவில் காய்ச்சிய கஞ்சி கெட்டியாகிவிடும். முளைகட்டிய மாவில் காய்ச்சினால் நீர்த்து வரும். எனவே அதே அளவு கஞ்சியில் கூடுதல் தானியத்தைச் சேர்த்துக் குழந்தைக்கு ஊட்ட முடிகிறது.

ஹார்லிக் சகோதரர்கள்

ஜேம்ஸ் ஹார்லிக் (1844–1921), வில்லியம் ஹார்லிக் (1846–1936) இருவரும் இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷையர் பகுதியிலுள்ள ருவார்டீன் என்னும் ஊரைச் சேர்ந்தவர்கள். மருந்தாளுநரான ஜேம்ஸ், மெலின்ஸ் ஃபுட் தயாரித்த நிறுவனத்தில் பணியாற்றி அத்தொழிலைக் கற்றார். வில்லியம் 1869இல் அமெரிக்கா சென்றார். ஜேம்ஸ் 1873இல் அவருடன் சேர்ந்துகொண்டார். சிகாகோவில் தொழிலைத் தொடங்கிய இருவரும், சில ஆண்டுகளில் விஸ்கான்சின் மாநிலத்தின் ரசீன் நகருக்கு இடம் மாறினர்.

தங்கள் குழந்தை உணவிலும் பாலைத் தனியே சேர்க்க வேண்டியிருந்த குறையை அவர்கள் போக்க முயன்றனர். மால்ட் கரைசலுடன் பாலைக் கலந்து, வெற்றிடக் கலத்தில் நீரை வற்றச் செய்தனர். காற்றழுத்தம் குறைந்த கலத்தில் நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்து ஆவியாகும், பால் தீய்ந்துபோகாது. வற்றிக் காய்ந்த கட்டியை அரைத்தால் பொடி கிடைக்கும். அதற்கு வெந்நீர் மட்டும் போதும், பால் தேவையில்லை. இந்தப் பொடிக்கு 1883இல் வில்லியம் ஹார்லிக் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். 1887இல் 'மால்ட்டட் மில்க்' என்பது அதன் வணிகப் பெயராகப் பதிவாயிற்று.

கெடாத பொடி, குறைந்த எடை, நீர் ஊற்றினால் உணவு. இந்தப் பண்புகளால் துருவப் பயணிகளும் அதை மூட்டையில் எடுத்துச் சென்றனர். தம் பயணத்துக்குப் பொருளுதவி செய்த வில்லியமின் பெயரை ரிச்சர்ட் பேர்ட் அண்டார்க்டிகாவின் ஒரு மலைத்தொடருக்குச் சூட்டினார். ஹார்லிக் மலைகள் என்ற அப்பெயர் இன்றும் நிலப்படத்தில் உள்ளது.

மருந்துக்கடையில் ஒரு பானக்கடை

நோயாளியின் உணவாக இருந்த பொடி எப்படி இளைஞர்களின் விருப்ப பானமாயிற்று? அது விற்கப்பட்ட இடம்தான் காரணம். அக்கால அமெரிக்க மருந்துக்கடைகளில் 'சோடா பவுண்டன்' என்னும் பான மேடை இருந்தது. சோடா நீர் உடலுக்கு நல்லது என்ற நம்பிக்கையில் அது மருந்துக்கடைக்குள் வந்தது. கசப்பு மருந்தை இனிப்புப் பாகில் கலந்து தருவது மருந்தாளுநரின் வழக்கமான வேலை. கொக்கோ கோலாவும் 1886இல் அட்லாண்டாவில் ஒரு மருந்தாளுநர் கலந்து உருவாக்கியதுதான்.

மால்ட் பொடி அதே கடையின் அலமாரியில் இருந்தது. பால், சாக்லேட் பாகு, ஒரு கரண்டி மால்ட் பொடி மூன்றையும் கலக்கிக் கொடுக்கும் பானம் விரைவில் பான மேடைகளில் வழக்கமாயிற்று. 1920 ஜனவரியில் அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. 1933 வரை நீடித்தது. மதுக்கூடங்கள் மூடப்பட்ட அக்காலத்தில் நண்பர்கள் கூடிப் பேசும் இடமாகப் பான மேடைகள் மேலும் வளர்ந்தன. பீர் விற்க முடியாத மது ஆலைகள் சில மால்ட் சாற்றை விற்றுப் பிழைத்தன.

1922இல் சிகாகோவின் வால்கிரீன் மருந்துக்கடை ஊழியர் ஐவர் கோல்சன், மால்ட் பால் பானத்தில் இரண்டு கரண்டி வெனிலா ஐஸ்கிரீமைச் சேர்த்தார். பாலில் ஐஸ்கிரீமைச் சேர்த்துக் கலக்குவது அதற்கு முன்பே சில இடங்களில் இருந்ததுதான். ஆனால் பல கிளைகள் கொண்ட வால்கிரீன் கடைகளில் விற்பனைக்கு வந்த பிறகே ஐஸ்கிரீம் சேர்ந்த மால்ட் நாடறிந்த பானமாயிற்று. பால்பொடியை உருவாக்கிய இருவருள் ஜேம்ஸ் அதற்கு முந்தைய ஆண்டே இறந்துவிட்டார்.

அந்தச் சுவை அப்போது எவ்வளவு பரவியிருந்தது என்பதற்கு ஒரு சான்று உண்டு. 1923இல் ஃபிராங்க் மார்ஸ் 'மில்க்கி வே' என்னும் சாக்லேட் மிட்டாயை வெளியிட்டார். மால்ட் மில்க் ஷேக்கின் சுவையை மிட்டாயாகத் தர வேண்டும் என்பதே அவருடைய எண்ணம்.

கலக்கும் இயந்திரம்

கெட்டியான ஐஸ்கிரீமைக் கையால் கலக்குவது கடினம். இதற்கான மின் இயந்திரமும் பால்பொடி பிறந்த அதே ரசீன் நகரில் உருவானது. அங்குத் தொடங்கப்பட்ட ஹாமில்டன் பீச் நிறுவனம் 1911 முதல் பானம் கலக்கும் இயந்திரங்களை விற்றது. மேலிருந்து இறங்கும் தண்டு, உலோகக் குவளைக்குள் வேகமாகச் சுழலும். ரசீனிலேயே வாழ்ந்த ஸ்டீபன் பொப்லாவ்ஸ்கி, பாத்திரத்தின் அடியில் கத்தி சுழலும் அமைப்பை வடிவமைத்து, 1922இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அவர் மனதில் இருந்ததும் மால்ட் பானம்தான். இன்று நம் வீட்டு மிக்சி ஜாரிலும் கத்தி அடியிலேயே இருக்கிறது.

பின்னர் ஒரே நேரத்தில் ஐந்து குவளைகளைக் கலக்கும் 'மல்டிமிக்சர்' வந்தது. அதை விற்று வந்த ரே க்ராக், கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் ஒரு சிறு கடை எட்டு இயந்திரங்களை வாங்கியதைக் கண்டு வியந்து, 1954இல் நேரில் சென்று பார்த்தார். அது மெக்டொனால்டு சகோதரர்களின் கடை. மறு ஆண்டே அப்பெயரில் அவர் தம் முதல் கடையைத் திறந்தார்.

வீட்டில் செய்யும் முறை

இரண்டு சிறிய டம்ளர் அளவுக்குத் தேவையானவை:

காய்ச்சி, ஆறவைத்து, ஆடை நீக்கிக் குளிரூட்டிய பால் – 150 மி.லி.
வெனிலா ஐஸ்கிரீம் – 3 பெரிய கரண்டி
சாக்லேட் பாகு – 2 மேசைக்கரண்டி
மால்ட் பொடி – 2 முதல் 3 மேசைக்கரண்டி

முதலில் பாலில் மால்ட் பொடியைக் கட்டியில்லாமல் கரைக்க வேண்டும். இந்தப் பொடி ஈரத்தை விரைவாக இழுப்பதால், ஐஸ்கிரீமுடன் நேரடியாகப் போட்டால் பிசின் போல ஒட்டிக்கொள்ளும். அடுத்துச் சாக்லேட் பாகைக் கலக்க வேண்டும். ஐஸ்கிரீமைக் கடைசியாகச் சேர்த்து, மிக்சியை விட்டுவிட்டுச் சில நொடிகள் மட்டும் ஓட்ட வேண்டும். தொடர்ந்து ஓட்டினால் சூட்டில் ஐஸ்கிரீம் உருகி வெறும் இனிப்புப் பாலாகிவிடும். டம்ளரை முன்கூட்டியே குளிரூட்டி வைப்பது நல்லது. பழைய கடைகளில் டம்ளரை நிரப்பியது போக மீதியை, கலக்கிய உலோகக் குவளையோடு வாடிக்கையாளர் முன் வைப்பார்கள்.

மால்ட் பொடியில் சாக்லேட் சுவை சேர்க்காத சாதா வகையே ஏற்றது. ஐஸ்கிரீம் வாங்கும்போது உறையைப் பார்க்க வேண்டும். 'ஃப்ரோசன் டெசர்ட்' என்று எழுதியிருந்தால் அதில் பால் கொழுப்புக்குப் பதிலாகத் தாவரக் கொழுப்பு இருக்கும். பொடியில் பார்லியும் கோதுமையும் இருப்பதால் குளூட்டன் ஒவ்வாதவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும். பாகு, ஐஸ்கிரீம், பொடி மூன்றிலும் சர்க்கரை உள்ளது என்பதை நீரிழிவு உள்ளவர்கள் மறக்கக் கூடாது.

இங்கிலாந்தும் இந்தியாவும்

அமெரிக்காவில் பொடி ஐஸ்கிரீமுடன் சேர்ந்தது. இங்கிலாந்தில் அது சூடான பானமாகவே நின்றது. ஜேம்ஸ் 1890இல் லண்டன் திரும்பினார். 1908இல் ஸ்லவ் நகரில் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. 1930களில் அந்நிறுவனத்தின் விளம்பரங்கள் 'இரவுப் பட்டினி' என்ற ஒரு குறையைப் பற்றிப் பேசின. தூங்கும்போது உடல் பட்டினி கிடப்பதால் காலையில் களைப்பு வருகிறது, படுக்கும் முன் இதைக் குடித்தால் போதும் என்றன. அப்படியொரு நோய் மருத்துவத்தில் இல்லை. ஆயினும் விற்பனை உயர்ந்தது.

முதல் உலகப் போருக்குப் பின், பிரிட்டிஷ் இந்தியப் படையில் பணியாற்றித் திரும்பியவர்கள் வழியாக ஹார்லிக்ஸ் இந்தியாவில் பரவியது என்பர். 1960 வாக்கில் பஞ்சாபின் நாபாவில் எருமைப்பாலைக் கொண்டு உற்பத்தி தொடங்கியது. தென்னிந்தியாவும் கிழக்கிந்தியாவும் அதன் பெரிய சந்தைகளாயின. தமிழ்நாட்டில் காய்ச்சலில் படுத்தவருக்கு ரொட்டியும் ஹார்லிக்ஸும் கொடுப்பதும், மருத்துவமனைக்குப் பார்க்கப் போகிறவர்கள் ஆரஞ்சுப் பழத்துடன் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் வாங்கிப் போவதும் பல தலைமுறைப் பழக்கம்.

பெயரும் பொருளும்

1883இல் அந்தப் பொடிக்கு 'உணவு' என்ற பெயர் பொருந்தியது. நம்பகமான பால் கிடைக்காத ஊரில், சுத்தமாக உலர்த்திய பாலும் எளிதில் செரிக்கும் தானியமும் ஒரே டப்பாவில் கிடைப்பது பெரிய உதவி. ஆனால் இன்று கைக்குழந்தைகளுக்கு மால்ட் பானம் தாய்ப்பாலுக்கு மாற்றாகாது. வளர்ந்த பிள்ளைகளுக்கு வீட்டில் நல்ல பால் கிடைக்கிறது. சர்க்கரை சேர்த்த பொடியை அதில் கலக்கும்போது கூடுவது பெரும்பாலும் சுவையே.

2024 ஏப்ரலில், இத்தகைய பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற தலைப்பின்கீழ் விற்க வேண்டாம் என்று இந்திய அரசு இணைய வணிக நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. நாட்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே வரையறுக்கப்படவில்லை என்பது காரணம். அதே மாதத்தில் ஹார்லிக்ஸ் உரிமையாளரான இந்துஸ்தான் யூனிலீவரும் அந்த வகைக்கு இட்டிருந்த பெயரிலிருந்து 'ஹெல்த்' என்ற சொல்லை நீக்கியது.

இந்த வகையில் சிகாகோவின் பான மேடை நேர்மையாகவே நடந்துகொண்டது. ஐஸ்கிரீமும் சாக்லேட் பாகும் சேர்ந்த கோப்பையை அங்கு யாரும் மருந்தென்று நினைத்துக் குடிக்கவில்லை. வீட்டில் செய்பவர்களும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: விடுமுறை நாளில், பிள்ளைகளோடு சேர்ந்து, எப்போதாவது ஒருமுறை.