பாலும் நெருப்பும்

வெள்ளவத்தையிலே ஒரு குடும்பம் புதுமனை புகுகின்றது. கொட்டாஞ்சேனையிலே மற்றொரு குடும்பம் வாடகை வீட்டிற் குடியேறுகின்றது. இரண்டு வீடுகளிலும் முதன்முதலாக நடைபெறும் காரியம் ஒன்றே. அடுப்பை மூட்டிப் பால் காய்ச்சுகின்றனர். பால் பொங்கினாற் குடி பொலியும் என்பது நம்பிக்கை. மங்கலம் கருதிச் செய்யப்படும் இச்செயலுக்குள்ளே உயிர் காக்கும் உண்மையொன்றும் அடங்கியிருக்கின்றது. அவ்வுண்மையை மேனாடுகள் எண்ணற்ற குழந்தைகளைப் பறிகொடுத்த பின்னரே கற்றுக்கொண்டன.

பாலைப் பற்றி மக்களுக்கு என்றும் இருந்துவரும் ஐயம், அதில் நீர் கலந்திருக்கின்றதா என்பதே. மாட்டை வாசலுக்குக் கொண்டுவந்து கண்முன்னே கறந்து கொடுத்தால் அவ்வையம் தீர்ந்துவிடும் எனக் கருதினர். மத்தியதரைக் கடலிலுள்ள மால்டாத் தீவிலும் இவ்வழக்கம் இருந்தது. அங்கே ஆடுகளை வீடுவீடாக ஓட்டிச் சென்று கறந்து விற்றனர். அத்தீவிலே தங்கியிருந்த பிரித்தானியப் படைவீரரோ, விட்டு விட்டு வரும் ஒரு காய்ச்சலினால் மாதக்கணக்காக வருந்தினர். டேவிட் புரூஸ் என்னும் படை மருத்துவர் 1887இல் அந்நோயின் கிருமியை வெளிப்படுத்தினார். ஆனால் அது எவ்வழியாக வருகின்றதென்பது விளங்கவில்லை. 1905இல் மால்டா மருத்துவரான தெமிஸ்டொக்கிளிஸ் சமிட், நல்ல உடல்நலத்துடன் தோன்றிய ஆடுகளே அக்கிருமியைச் சுமந்து திரிகின்றன எனக் கண்டறிந்தார். அடுத்த ஆண்டில் வீரருக்கு ஆட்டுப்பால் நிறுத்தப்பட்டது. நோயும் விரைவிற் குறைந்தது. நீர் கலவாத பாலும் நோய் தரும், கண்முன்னே கறந்த பாலும் நோய் தரும் என்பதை உலகம் உணர்ந்தது.

பால் ஏன் புளிக்கின்றது என்னும் வினாவுக்கு 1857இல் விடை கூறியவர் பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்ரர். நுண்ணுயிர்களே அதற்குக் காரணம் என அவர் காட்டினார். பின்னர் 1860களில், திராட்சை மதுவைக் கொதிநிலைக்கு வெகு கீழான வெப்பத்திற் சூடாக்கினால் அது கெடாதிருக்கும் எனவும் நிறுவினார். பாஸ்ரர் முறை என இன்று வழங்குவது இதுவே. இதனைக் குழந்தைகளின் பாலுக்கு ஏற்றவர் ஜெர்மானிய இரசாயன அறிஞர் சொக்ஸ்லெற். பாலைச் சிறு போத்தல்களில் அடைத்து, நீருள்ள பாத்திரத்தில் வைத்துச் சூடாக்கும் வழியை 1886இல் அவர் தாய்மாருக்குக் கூறினார். நியூயோர்க் நகரிலே நேதன் ஸ்றவுஸ் என்னும் வணிகர், ஏழைக் குழந்தைகளுக்காக 1893 முதற் பால் நிலையங்களை நிறுவினார்.

எனினும் எதிர்ப்பும் எழுந்தது. சூடாக்கினாற் சத்துக் கெடும் என்றனர் சிலர். செலவு கூடும் என்றனர் வேறு சிலர். காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்த றொபேட் கொக் அவர்களே, மாட்டின் காசநோயால் மனிதருக்குப் பெருந்தீங்கில்லை என 1901இல் இலண்டன் மாநாட்டிற் கூறினார். பிரித்தானிய அரசு அமைத்த விசாரணைக்குழு பத்தாண்டுகள் ஆராய்ந்து, அக்கூற்று தவறென முடிவு செய்தது. ஆயினும் தயக்கம் நீடித்தது. 1912 தொடக்கம் 1937 வரை, இங்கிலாந்திலும் வேல்சிலும் பால்வழி வந்த காசநோயால் ஏறக்குறைய 65,000 பேர் மாண்டனர் என மதிப்பிடப்பட்டுள்ளது. பேரறிஞர் ஒருவரின் ஒரு தவறு எத்துணை விலை கொள்ளும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

நம் முன்னோர் கிருமியை அறிந்திருந்தனர் என்று பெருமை பேசுதல் பொருந்தாது. வெப்பநாட்டிலே காய்ச்சாத பால் சில மணி நேரத்திலேயே திரிந்துவிடும்; ஆதலாற் காய்ச்சினர். காரணம் வேறாயினும் பயன் பெரிதாயிற்று.

கொழும்பிலும் பால் வழங்கும் முறை மாறியது. 1950களிலே தேசிய பாற்சபை தோன்றியது. நாரஹேன்பிட்டியில் அமைந்த அதன் ஆலையிலிருந்து, பதனிட்ட பால் நகரத்தாருக்குக் கிடைத்தது. பின்னர் இறக்குமதியான பால்மா பெரும்பாலான வீடுகளில் இடம்பிடித்தது. 2021, 2022ஆம் ஆண்டுகளில் அப்பால்மாவும் அரிதாகி, மக்கள் வரிசையில் நின்றனர். அத்தகைய நாளிற் கறந்த பாலை வாங்குவோர், அதனைக் காக்கும் முறையையும் அறிந்திருத்தல் வேண்டும்.

அம்முறை எளிது. பாலுள்ள பாத்திரத்தை நீருள்ள பெரிய பாத்திரத்தினுள் வைத்துச் சூடாக்குக. அடிக்கடி கிளறி, பாலின் வெப்பம் 63 பாகை செல்சியசுக்குக் குறையாமல் அரைமணி நேரம் காத்தல் வேண்டும். அல்லது 72 பாகையில் 15 செக்கன் வைத்தல் வேண்டும். வெப்பமானி இல்லாத வீட்டிற் பாலை நன்கு பொங்கக் காய்ச்சுதலே பாதுகாப்பு. சுவையும் சில உயிர்ச்சத்துக்களும் சிறிது குறையலாம். உயிருக்கு வரும் கேட்டோடு ஒப்பிட அது சிறிதே.

காய்ச்சியதோடு கடமை முடிவதில்லை. பாத்திரத்தை மூடிக் குளிர்ந்த நீரில் வைத்து விரைவில் ஆற்றி, குளிர்சாதனப் பெட்டியில் வைத்தல் வேண்டும். அப்பெட்டி இல்லாதோர் அன்றன்று வாங்கி, காய்ச்சியவுடனே பயன்படுத்துவதே நன்று. பச்சைப்பால் இருந்த செம்பிற் காய்ச்சிய பாலை ஊற்றினால், அடுப்பு செய்த நன்மையைச் செம்பு அழித்துவிடும். நெடுநேரம் கிடந்து கெட்ட பாலையும் நெருப்புத் திருத்தாது. கிருமி மாண்டாலும், சில கிருமிகள் உண்டாக்கிய நஞ்சு மாளாது.

புதுமனையிலே பொங்கும் பால் ஒருநாள் மங்கலம். நாள்தோறும் கவனமாகக் காய்ச்சி, தூய கலத்தில் மூடிவைக்கும் பாலோ அவ்வீட்டுக் குழந்தைக்கு நாள்தோறும் மங்கலம்.